மூலக்கூறைப் பார்க்காத கணக்கு

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நம்மூரில் ஒரு பொது நிகழ்ச்சி. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், கேள்வி கேட்கலாம். ஆனால் யாரும் கேட்பதில்லை. புறத்தேர்வாளருக்குப் பொன்னாடை போர்த்தி, கைதட்டி, சமோசா சாப்பிட்டுவிட்டுக் கலைந்துவிடுவோம். அதுதான் மரபு. நான் ஒருமுறை அந்த மரபை மீறினேன்.

அது கணிதத் துறையின் வைவா. நான் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். "தலைப்புல கெமிஸ்ட்ரி இருக்கு, நீங்களும் வாங்க சார்" என்று கூப்பிட்டிருந்தார்கள். ஆய்வு மாணவி தெளிவாகப் பேசினார். நாற்பது நிமிடம் சூத்திரங்கள், அட்டவணைகள், வண்ண வண்ணமாக முப்பரிமாணப் படங்கள். ஒவ்வொரு படத்தின் தலைப்பிலும் ஏதோ ஒரு சேர்மத்தின் பெயர். முடிந்ததும் நான் எழுந்து போய்ப் பலகையில் இரண்டு படம் வரைந்தேன். முதல் படத்தில் ஒட்டி நிற்கும் இரண்டு அறுகோணங்கள். இரண்டாவதில் ஓர் ஐங்கோணமும் ஓர் எழுகோணமும், அதேபோல் ஒட்டி.

"இதுக்கு உங்க இண்டெக்ஸ் ஏதாவது ஒண்ணு போட்டுக் காட்டுங்கம்மா."

இரண்டே நிமிடத்தில் போட்டார். முதல் சாக்ரெப் குறியெண் இரண்டுக்கும் 50. இரண்டாம் சாக்ரெப் குறியெண் இரண்டுக்கும் 57. மூன்றாவதைத் தொடங்கியவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அவராகவே சொன்னார்: "எட்ஜ் பார்ட்டிஷன் ரெண்டுக்கும் ஒண்ணுதான் சார். எந்த இண்டெக்ஸ் போட்டாலும் ஒண்ணாத்தான் வரும்."

"முதல் படம் நாப்தலீன். உங்க வீட்டு பீரோல கிடக்கிற அந்துருண்டை. வெள்ளை வெளேர்னு இருக்கும். ரெண்டாவது அசுலீன். மை மாதிரி நீலம். உங்க கணக்குல ரெண்டும் ஒரே பொருளா?"

அவர் பதில் சொல்வதற்குள் வழிகாட்டி குறுக்கிட்டார். "சார், இது மேத்ஸ் வைவா." அரங்கம் சிரித்தது. மாணவி சிரிக்கவில்லை. விதிப்படி எல்லாம் சரியாக இருந்ததால் பட்டம் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான், அவர் மேல் ஒரு குறையும் இல்லை. என் சண்டை அந்தச் சிரிப்போடு.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூலக்கூறில் ஒவ்வொரு அணுவையும் ஒரு புள்ளியாக, ஒவ்வொரு பிணைப்பையும் ஒரு கோடாக வரைந்தால் கிடைப்பது கோட்டுரு. ஆங்கிலம் படித்தவர்களுக்கு கிராஃப். ஹைட்ரஜன்களை விட்டுவிட்டுக் கார்பன்களை மட்டும் வரைவது வழக்கம். ஒரு புள்ளியில் எத்தனை கோடுகள் சேர்கின்றனவோ அது அந்தப் புள்ளியின் படி. நாப்தலீனில் 10 புள்ளிகள், 11 கோடுகள். அவற்றில் 6 கோடுகள் படி-2 புள்ளிகள் இரண்டை இணைக்கின்றன. 4 கோடுகள் படி-2 புள்ளியையும் படி-3 புள்ளியையும் இணைக்கின்றன. ஒரே ஒரு கோடு, நடுவில் இருப்பது, படி-3 புள்ளிகள் இரண்டை இணைக்கிறது. 6, 4, 1. அசுலீனிலும் இதே 6, 4, 1 தான்.

படியை அடிப்படையாகக் கொண்ட குறியெண் எதுவானாலும் செய்முறை ஒன்றுதான். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு மதிப்பு கொடு, எல்லாவற்றையும் கூட்டு. கோட்டின் இரு முனைப் படிகளையும் கூட்டினால் முதல் சாக்ரெப், பெருக்கினால் இரண்டாம் சாக்ரெப், பெருக்கி வர்க்கமூலம் எடுத்துத் தலைகீழாக்கினால் ரான்டிச், வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சோம்போர். மதிப்பு போடும் விதம் மாறும். 6, 4, 1 மாறாது. ஆகவே அட்டவணையில் பன்னிரண்டு குறியெண்கள் இருந்தால் அது பன்னிரண்டு தகவல் ஆகாது. மூன்று எண்கள் பன்னிரண்டு சட்டை மாற்றிக்கொண்டு வருகின்றன. எம்-பாலினோமியல் என்று பெயர் சூட்டி வகையீடும் தொகையீடும் செய்தாலும் உள்ளே இருப்பது அந்த மூன்று எண்கள்தான்.

அறுகோணங்கள் மட்டுமே சேர்ந்த பென்சீன் வகைச் சேர்மங்களில் நிலைமை இன்னும் மோசம். கார்பன் எத்தனை, வளையம் எத்தனை, ஓரத்தில் உள்வாங்கிய வளைவு எத்தனை என்ற மூன்றையும் சொல்லிவிட்டால் அந்த மூன்று வகைக் கோடுகளின் எண்ணிக்கை தானாக வந்துவிடும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அச்சில் இருக்கும் விஷயம் இது. அதன் பிறகும் இந்த வகையில் ஒவ்வொரு சேர்மத்துக்கும் தனித்தனியாக ஒரு கட்டுரை எழுதுவது, வாய்ப்பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காப்புரிமை கேட்பதைப் போன்றது.

இதைப் படித்துவிட்டு 'கோட்டுருவியலே வேதியியலுக்கு உதவாது என்கிறான்' என்று யாராவது கிளம்பினால் அவர்களோடும் எனக்குச் சண்டைதான். இந்தத் துறை எனக்கு மிகவும் பிடித்த துறை. அதனால்தான் இவ்வளவு கோபம்.

கிராஃப் என்ற சொல்லே வேதியியலில் இருந்து வந்தது. 1878இல் சில்வெஸ்டர் 'நேச்சர்' இதழில் வேதியியலையும் இயற்கணிதத்தையும் ஒப்பிட்டு எழுதியபோதுதான் இந்தப் பொருளில் அச்சொல்லை முதலில் பயன்படுத்தினார். அதற்குச் சற்று முன்பு, 1870களின் நடுவில், கெய்லி ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். கார்பன்களும் ஹைட்ரஜன்களும் ஒற்றைப் பிணைப்பில் மட்டும் சேர்ந்தால், குறிப்பிட்ட எண்ணிக்கைக் கார்பன்களைக் கொண்டு எத்தனை வெவ்வேறு மூலக்கூறுகள் சாத்தியம்? நான்கு கார்பனுக்கு 2, ஐந்துக்கு 3, ஆறுக்கு 5, ஏழுக்கு 9 என்று 13 வரை போனார். பன்னிரண்டுக்கு 357, பதின்மூன்றுக்கு 799 என்று எழுதினார். இரண்டும் தப்பு. சரியான விடைகள் 355, 802. பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். 1937இல் போயா இத்தகைய எண்ணிக்கைகளுக்கெல்லாம் பொதுவான ஒரு முறையையே உருவாக்கினார். இன்று 20 கார்பனுக்கு 3,66,319 என்று ஒரு நொடியில் சொல்லிவிடலாம்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் கெய்லி தவறிய இடம். அவருடைய கேள்விக்குத் தவறான விடை என்று ஒன்று இருந்தது. 'இல்லை, நீ சொன்னது சரியில்லை' என்று உலகம் திருப்பிச் சொல்லக்கூடிய கேள்வி அது. நம் ஸ்காலர்களின் கட்டுரைகளில் அந்த ஆபத்து அறவே இல்லை. கூட்டல் சரியாக இருந்தால் கட்டுரை சரி.

அடுத்து வீனர். ப்ரூக்ளின் கல்லூரியின் ஹாரி வீனர் 1947இல் வெளியிட்டது நான்கு பக்கக் கட்டுரை. ஒரே வாய்பாடு கொண்ட மூலக்கூறுகள் ஏன் வெவ்வேறு வெப்பத்தில் கொதிக்கின்றன என்பது கேள்வி. அவர் இரண்டு எண்களை எடுத்தார். ஒவ்வொரு கார்பன் ஜோடிக்கும் இடையே எத்தனை பிணைப்பு தாண்ட வேண்டும் என்று எண்ணி மொத்தமாகக் கூட்டியது முதல் எண். சரியாக மூன்று பிணைப்புத் தூரத்தில் இருக்கும் ஜோடிகள் எத்தனை என்பது இரண்டாவது.

பென்டேனின் மூன்று மாற்றியங்களை வைத்து நீங்களே தாளில் போட்டுப் பார்க்கலாம். நேராக நிற்கும் பென்டேனுக்கு முதல் எண் 20, ஒரு கிளை உள்ளதற்கு 18, சிலுவை போல் இருக்கும் நியோபென்டேனுக்கு 16. இரண்டாவது எண் முறையே 2, 2, 0. வீனரின் சூத்திரம் இது: முதல் எண்ணில் உள்ள வித்தியாசத்தை 98ஆல் பெருக்கிக் கார்பன் எண்ணிக்கையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும், அதோடு இரண்டாவது எண்ணின் வித்தியாசத்தை 5.5ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 98, 5.5 இரண்டும் அளவீடுகளோடு பொருத்தி எடுத்த எண்கள். நேர் பென்டேனைவிட நியோபென்டேன் எவ்வளவு குறைவான வெப்பத்தில் கொதிக்கும்? கணக்குப்படி 26.7 டிகிரி. ஆய்வகத்தில் அளந்தால் ஒன்று 36.1இல் கொதிக்கிறது, மற்றது 9.5இல். வித்தியாசம் 26.6. கிளை ஒன்று உள்ளதற்குக் கணக்கு 7.8, அளவீடு 8.3.

பென்சிலால் புள்ளி வைத்துக் கோடு போட்டு எண்ணியதில் திரவத்தின் கொதிநிலை வருகிறது! முதல்முறை வகுப்பில் இதைப் போட்டுக் காட்டியபோது கடைசி பெஞ்சுக்காரன்கூட நிமிர்ந்து உட்கார்ந்தான்.

வீனரின் நேர்மை எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். அவர் ஒப்பிட்டவை ஒரே வாய்பாட்டு மூலக்கூறுகள். கார்பன் எண்ணிக்கை ஒன்று, எடை ஒன்று, வடிவம் மட்டும் வேறு. ஆகவே அவருடைய எண் வடிவத்தைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறது, வேறு எதையும் தன் பெயரில் கடத்திக்கொண்டு வரவில்லை. பிற்காலத்தில் ஆக்டேனின் 18 மாற்றியங்கள் இந்தத் துறைக்கு உரைகல் ஆனதற்கும் இதுவே காரணம்.

இப்போது 2020க்கு வாருங்கள். கொரோனா வந்தது. சில மாதங்களுக்குள் ரெம்டெசிவிர், குளோரோகுயின் போன்ற மருந்துகளின் படங்களை எடுத்துக்கொண்டு குறியெண் கணக்கிட்ட கட்டுரைகள் வரத் தொடங்கின. எங்கெங்கோ இருந்து வந்தன, நம் நாட்டிலிருந்தும் வந்தன. முன்னுரையில் பெருந்தொற்று, முடிவுரையில் 'புதிய மருந்து வடிவமைப்புக்கு உதவும்'. நடுவில் பத்துப் பன்னிரண்டு மருந்துகளின் குறியெண்களும் அவற்றின் கொதிநிலை போன்ற பண்புகளும், இரண்டுக்கும் இடையே 0.9க்கு மேல் ஒட்டுறவு என்று ஒரு வரைபடமும்.

முதல் கேள்வி. ரெம்டெசிவிரின் கொதிநிலையை யார் அளந்தது? அந்த அளவு பெரிய மூலக்கூறைச் சூடாக்கினால் கொதிப்பதற்கு முன்பே சிதைந்துபோகும். தரவுத்தளத்தில் இருப்பது ஒரு மென்பொருள் மதிப்பிட்ட எண். அந்த மென்பொருளும் மூலக்கூறின் அமைப்பைப் பார்த்துத்தான் அந்த எண்ணைப் போட்டது. அதாவது, கட்டமைப்பிலிருந்து கணினி ஊகித்த எண்ணை, கட்டமைப்பிலிருந்து நாம் ஊகித்துவிட்டோம் என்று மார் தட்டுகிறோம். இதில் மருந்து எங்கே வந்தது? நோயாளியை விடுங்கள், ஒரு சோதனைக் குழாயாவது வந்ததா?

இரண்டாவது கேள்வி. மருந்துகள் சிறியதும் பெரியதுமாகக் கலந்து கிடக்கின்றன. கோடுகளைக் கூட்டிக் கிடைக்கும் எந்த எண்ணும் மூலக்கூறு பெரிதானால் பெரிதாகும். மோலார் எடையும் பெரிதாகும், ஒளிவிலகல் சார்ந்த பண்புகளும் பெரிதாகும். இரண்டும் சேர்ந்து ஏறினால் 0.95 வரத்தான் செய்யும். ஆரம்பப் பள்ளியில் எல்லாக் குழந்தைகளின் செருப்பளவையும் வாசிப்புத் திறனையும் வரைந்தால்கூட அப்படி ஒரு கோடு வரும். அதற்காகப் பெரிய செருப்பு வாங்கிக் கொடுத்தால் பிள்ளை படித்துவிடுமா?

உண்மை தெரிய ஒரு சோதனை போதும். உங்கள் புதுக் குறியெண் இருக்கும் இடத்தில் 'மொத்தக் கோடுகளின் எண்ணிக்கை' என்ற சாதாரண எண்ணைப் போட்டுப் பாருங்கள். அதுவும் அதே ஒட்டுறவைத் தந்தால் உங்கள் குறியெண் வெட்டியாக நிற்கிறது என்று பொருள். அரை மணி நேர வேலை. இதைச் செய்து காட்டிய அட்டவணை ஒன்றுகூட அந்த வைவாவில் இல்லை.

சரி, அந்துருண்டைக்குத் திரும்புவோம். அசுலீன் ஏன் நீலம் என்பதைக் கோட்டுருவியலால் சொல்ல முடியாதா? அருமையாகச் சொல்லும். படியை மட்டும் எண்ணாமல் படத்தை முழுதாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நாப்தலீனின் புள்ளிகளுக்குக் கருப்பு, வெள்ளை என்று மாற்றி மாற்றி நிறம் கொடுங்கள். ஒரே நிறப் புள்ளிகள் அடுத்தடுத்து வராமல் கொடுத்துவிட முடியும். அசுலீனில் முயன்று பாருங்கள், முடியாது. ஐந்து, ஏழு என்ற ஒற்றைப்படை வளையங்கள் இடிக்கும். குழந்தை விளையாட்டு போலிருக்கிறதா? 1940இல் கூல்சனும் ரஷ்புரூக்கும் நிறுவியது இதன் மேல்தான் நிற்கிறது. ஹக்கல் 1931இல் தந்த எலக்ட்ரான் கணக்கு, உண்மையில் கோட்டுருவின் அணிக்கு ஐகன் மதிப்புகள் காணும் கணக்கு. இருநிறம் கொடுக்க முடிந்தால் ஆற்றல் மட்டங்கள் நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் கண்ணாடி பிம்பம்போல் ஜோடி ஜோடியாக அமையும், எலக்ட்ரான்கள் எல்லாக் கார்பன்களிலும் சமமாகப் பரவும். இருநிறம் முடியாத அசுலீனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எலக்ட்ரான்கள் ஏழு வளையத்திலிருந்து ஐந்து வளையத்தின் பக்கம் சாய்கின்றன. வெறும் ஹைட்ரோகார்பனான அதற்கு ஏறத்தாழ ஒரு டிபை இருமுனைத் திருப்புத்திறன் இருக்கிறது. மேலே நிரம்பிய மட்டமும் அடுத்த காலி மட்டமும் வெவ்வேறு கார்பன்களில் குடியிருப்பதால் எலக்ட்ரானைக் கிளப்பக் குறைந்த ஆற்றலே போதும். சிவப்புப் பக்கத்து ஒளியை விழுங்கிவிட்டு நீலமாகத் தெரிகிறது. முழு விளக்கத்துக்கு எலக்ட்ரான்களின் பரஸ்பர விலக்கத்தையும் சேர்க்க வேண்டும். ஆனால் வாசல் அந்த இருநிற விளையாட்டுதான்.

இன்னும் ஒன்று. ஆறு அறுகோணங்களை முக்கோணமாக அடுக்கினால் 22 கார்பன்கள் கொண்ட ட்ரையாங்குலீன். நிறம் கொடுத்தால் ஒரு நிறத்தில் 12, மற்றதில் 10. இரட்டைப் பிணைப்பு என்றால் பக்கத்துப் பக்கத்துக் கருப்பும் வெள்ளையும் கைகோப்பது. பன்னிரண்டு பேரும் பத்துப் பேரும் கைகோத்தால் இரண்டு பேர் மிச்சம். ஆக, ஜோடியில்லாத இரண்டு எலக்ட்ரான்கள் இருந்தே தீர வேண்டும். 1953இல் எரிக் கிளார் இதை உருவாக்க முயன்று தோற்றார். அந்த எலக்ட்ரான்கள் சும்மா இருக்கவில்லை, ஒன்றோடொன்று வினைபுரிந்து கொண்டன. 2017இல் ஐபிஎம்மின் சூரிச் ஆய்வகத்தில், ஒரு முன்னோடி மூலக்கூறிலிருந்து இரண்டு ஹைட்ரஜன்களை நுண்ணோக்கியின் ஊசிமுனையால் நீக்கி அதைக் கண்ணால் பார்த்தார்கள்.

அதே கிளார் 1972இல் இடுப்பு ஒடுங்கிய கோப்பைபோல ஒரு மூலக்கூறை வரைந்தார். 38 கார்பன்கள், கருப்பு 19, வெள்ளை 19. எண்ணிக்கை சமம், எல்லாருக்கும் ஜோடி கிடைத்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் எப்படிக் கோத்தாலும் இரண்டு பேர் தனித்து நிற்கிறார்கள். மேல் பாதியில் ஒரு நிறம் அதிகம், கீழ் பாதியில் மற்ற நிறம் அதிகம், நடுவில் இடுப்பு குறுகலாக இருப்பதால் இந்தப் பக்கத்தவர் அந்தப் பக்கத்தவரை எட்ட முடியவில்லை. தாளில் நிரூபிக்கக்கூடிய சுத்தமான கணிதம் அது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் காகிதத்திலேயே இருந்த அந்த மூலக்கூறை 2019 இறுதியில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் தங்கப் பரப்பின் மேல் உருவாக்கிக் காட்டினார்கள். ஜோடியில்லாத இரண்டு எலக்ட்ரான்கள், ஒன்றுக்கொன்று எதிர்த் தற்சுழற்சியோடு, கணிதம் சொன்னபடியே இருந்தன.

இதுதான் இந்தத் துறையால் முடிவது. இதை வைத்துக்கொண்டு நாம் 6, 4, 1ஐக் கூட்டிக்கொண்டிருக்கிறோம்.

எதிர்வாதங்கள் வரும், கேட்டிருக்கிறேன். 'தூய கணிதத்துக்குப் பயன் எதற்கு?' என்பது முதலாவது. முழுதாக ஒப்புக்கொள்கிறேன். பயனே வேண்டாம், அழகு போதும். அப்படியானால் முன்னுரையில் இருக்கும் மருந்தையும் நானோ குழாயையும் எடுத்துவிடுங்கள். அவற்றை எடுத்த பிறகு மிச்சமிருப்பது ஒரு கணித இதழ் ஏற்கும் தேற்றமா, அல்லது பள்ளிக் கூட்டலா என்று பாருங்கள். வேதியியலாளர் கேட்டால் 'இது கணிதம்', கணிதவியலாளர் கேட்டால் 'இது வேதியியல் பயன்பாடு'. அந்த வைவாவில் நான் கேட்ட சிரிப்பு இந்த இரட்டை வேஷத்தின் சிரிப்பு.

'பெரியவர்களே செய்கிறார்களே' என்பது இரண்டாவது. நியாயமான கேள்வி. சாக்ரெப் குறியெண்களின் வேர், 1972இல் குட்மனும் திரினாய்ஸ்டிச்சும் பை-எலக்ட்ரான் ஆற்றலை ஆராய்ந்த கட்டுரை. அதே குட்மன் 2013இல், படி சார்ந்த குறியெண்கள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன, இதை நிறுத்த ஓர் அளவுகோலும் இல்லை என்று அலுத்துக்கொண்டு எழுதினார். பலவற்றை ஆக்டேன்களில் உரசிப் பார்த்து, பெரும்பாலானவை தேறவில்லை என்று காட்டினார். 2021இல் அவரே தன் பிறந்த ஊரின் பெயரில் சோம்போர் குறியெண்ணைக் கொண்டுவந்தார். அதைத் தொடர்ந்து வந்த கட்டுரை வெள்ளம் இன்னும் வடியவில்லை. மேதைகளும் மனிதர்கள்தான். நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது 2013இன் உரைகல்லை. எடுத்துக்கொண்டது 2021இன் சூத்திரத்தை.

மூன்றாவது எதிர்வாதம்தான் என்னை உறுத்துவது. 'சார், எங்க காலேஜ்ல லேப் கிடையாது, ஜர்னல் கிடையாது, வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் கிளாஸ். வேற என்ன செய்ய முடியும்?' உண்மை. ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்று 2009இல் யுஜிசி விதி வைத்தது. 2022இல் அந்தக் கட்டாயத்தை எடுத்தது. ஆனால் கல்லூரிகளின் தரவரிசையிலும் பதவி உயர்விலும் எண்ணப்படுவது இன்னும் கட்டுரைகளின் தலைதான். தலையை எண்ணினால் தலைதான் விளையும்.

ஆனால் ஒன்று யோசியுங்கள். மேலே நான் சொன்ன எதற்கும் லேப் தேவைப்படவில்லை. கெய்லிக்கு ஒரு தாள் போதுமானதாக இருந்தது. இருநிறம் கொடுப்பதற்கும் ஜோடி கோப்பதற்கும் பென்சில் போதும். ஏழைக் கல்லூரியில் உட்கார்ந்து உலகத் தரத்தில் வேலை செய்ய வாய்ப்புள்ள அரிதான துறைகளில் இது ஒன்று. அதனால்தான் இதை வீணடிப்பது மற்ற வீணடிப்புகளைவிடக் கொடுமை. வறுமையைக் காரணம் காட்டி, வறுமைக்கு மிகவும் பொருத்தமான துறையையே குப்பைமேடாக்குகிறோம்.

வழிகாட்டிகளிடம் நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. மாணவரிடம் சேர்மத்தின் படத்தைக் கொடுக்கும்போது அது எங்கே இருக்கிறது, யார் செய்தார்கள், என்ன நிறம் என்று கண்டுபிடித்து வரச் சொல்லுங்கள். குறியெண்ணை ஒரே வாய்பாட்டு மாற்றியங்களில் உரசிப் பாருங்கள். மென்பொருள் சொன்ன எண்ணை அளவீடு என்று எழுதாதீர்கள். பக்கத்து கட்டடத்தில் இருக்கும் வேதியியல் துறையில் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அந்த வைவாவில் என்னைப் பார்வையாளனாகக் கூப்பிட்டதற்குப் பதில், நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மாலை கூப்பிட்டிருந்தால் போதும்.

சமோசா நேரத்தில் அந்தப் பெண் என்னிடம் வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அந்த ரெண்டாவது படம், அதோட பேர் என்ன சொன்னீங்க சார்?" என்று கேட்டார். சொன்னேன். உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். "நிஜமாவே நீலமா?" என்றார்.

ஆறு கட்டுரைகள் வெளியிட்ட ஆய்வாளர், ஒரு மூலக்கூறைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. ஆராய்ச்சி தொடங்க வேண்டிய கேள்வியும் அதுதான். பட்டம் வாங்கிய மதியத்தில் அது வந்தது.